கோணல் வரிசை

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். குழலுக்குள் குமிழி ஓடுகிற அந்தக் கருவியைத் தரையில் வைக்காமலே, ஒரு கண்ணை இறுக்கிக்கொண்டு மறு கண்ணால் பார்த்துவிட்டு, "அந்த மூலை ஒரு நூல் தூக்கியிருக்கு" என்பார். வைத்துப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். டைல்ஸ் ஒட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அதை ஒப்புக்கொள்கிறவர்களே முதுகுக்குப் பின்னால், "மட்டம்தான்யா, அதுல என்ன சந்தேகம்" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

காரணம் இருந்தது. அடுத்தவன் வேலையில் குறை கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடுகூட வேண்டாம். கூட வேலை செய்கிறவன் ஒட்டிய வரிசையைச் செருப்புக் காலால் தட்டி, "இத எந்தக் குருடன் போட்டான்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். போட்டவன் பக்கத்திலேயே நிற்பான். அவன் கையாலேயே அதைப் பெயர்க்க வைத்து, பெயர்த்து முடிகிறவரை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்படிப்பட்டவருடைய வீட்டுத் தரை வெறும் சிமெண்டு. அங்கங்கே வெடித்து, குளியலறைப் பக்கம் பாசி பிடித்து, கட்டில் கால் நின்ற இடத்தில் குழி விழுந்து கிடந்தது. "நம்ம வீட்டுத் தரைய ஒரு நாள் போடறேன் பாரு, தெருவே வந்து எட்டிப் பாக்கும்" என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னார். சொன்னதோடு சரி. ஒவ்வொரு வேலையிலும் மிஞ்சுகிற டைல்ஸை மட்டும் தவறாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பின்கட்டில் மதிலோரம் வெள்ளையும் சாம்பலும் பழுப்புமாக இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார். அதன் மேல் பூனை படுத்துத் தூங்கும்.

அவர் மனைவி ஒரு பெரிய தங்கும் விடுதியில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். துவைத்து வருகிற படுக்கை விரிப்புகளை இரண்டு பேராகப் பிடித்து, உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்க வேண்டும். அவளோடு எதிர்முனையைப் பிடிக்கிறவளை மற்றவர்கள் 'ஜோடி' என்றே கூப்பிடுவார்கள். அவள் கையை விட்டு வெளியே போன விரிப்பில் ஒரு மூலை தள்ளி இருந்தது என்று யாரும் திருப்பி அனுப்பியதில்லை. வீட்டில் அதைப் பற்றி அவள் பேசியதும் கிடையாது. "துணி மடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா" என்று ஒரு தடவை அவர் கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அது நடந்தது. ஒரு பெரிய வேலைக்காக அவர் வெளியூரில் தங்கியிருந்தார். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர் எண்ணெய்ப் பிசுக்கேறி, எவ்வளவு தேய்த்தாலும் வெளுக்காமல் அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. பின்கட்டிலிருந்து வெள்ளை டைல்ஸாகப் பொறுக்கி எடுத்தாள். மூட்டையில் மிஞ்சிக் கிடந்த பசையைக் குழைத்தாள். ஒரு நாள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, அடுப்பு மேடையை ஒட்டி ஒரு பட்டை ஒட்டி முடித்தாள். மூலையில் மட்டும் முழு டைல் அடங்கவில்லை. வெட்டுகிற மெஷின் அவரோடு போயிருந்தது. இருந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டாள். குறடு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்து, எப்படியோ அடக்கினாள். அவர் வந்து பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்து நினைத்து அவளுக்கு இரண்டு நாளாகச் சிரிப்பாக வந்தது.

அவர் வந்தார். பார்த்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "ஞாயித்துக்கெழம நம்ம ஆளுங்கள வரச் சொல்றேன். அவனுங்களும் பாக்கட்டும்" என்றார்.

பிடித்துப்போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வருகிறவர்களுக்குத் தின்ன ஏதாவது வேண்டுமே என்று சனிக்கிழமையே செய்து டப்பாவில் போட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களை நேராகச் சமையலறைக்குள் கூட்டிப்போனார் ரசமட்டம்.

"பாருங்கடா. எங்க வீட்டு இன்ஜினியரம்மா வேலை. இந்த மூலையப் பாரு, எலி கரம்பி வச்ச மாதிரி. நாளைக்கு உங்களையெல்லாம் அனுப்பிட்டு இவளத்தான் வேலைக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன்."

வந்தவர்களுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். அதனால் அவர்களும் சிரித்தார்கள். அவர்களில் ஒட்டடை என்று ஒருவன் இருந்தான். ஒட்டடைக் குச்சி மாதிரி நெடுநெடுவென்று இருப்பதால் அந்தப் பேர். அவன்கூடச் சிரித்தான். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று மகள் கை தட்டியது.

ரசமட்டம் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு டைலையும் சுத்தியல் பிடியால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, "இது செத்துப்போச்சு. இதுவும் செத்துப்போச்சு" என்று சொல்லிச் சொல்லிப் பெயர்த்துக் கீழே போட்டார். மூலையில் இருந்த அந்தக் கடைசித் துண்டை மட்டும் கையில் எடுத்து எல்லோருக்கும் சுற்றிக் காட்டினார். பிறகு அவளைப் பார்த்து, "கூட்டி அள்ளிட்டு டீ போடு" என்றார்.

அவள் கூட்டி அள்ளிவிட்டு டீ போட்டாள்.

சுவரை அவர் சரிசெய்யவில்லை. பசைத் தழும்போடு அது அப்படியே இருந்தது. மகள் வளர்ந்தாள், படித்தாள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். வருகிறவர்கள் போகிறவர்களிடம் அந்தச் சுவரைக் காட்டி அவர் கதை சொல்வார். ஒவ்வொரு தடவையும் எலி கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது.

அவரை வாதம் அடித்தது வேலை இடத்தில். மண்டியிட்டு ஒரு டைலை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே முன்னால் சரிந்து பசைக்குள் முகம் புதைந்து கிடந்தார். ஒட்டடைதான் தூக்கினான். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. எதைச் சொல்ல வந்தாலும் "தொ… தொ…" என்றுதான் வரும். கேட்கிறதும் பார்க்கிறதும் புரிகிறதும் எல்லாம் முன்பு போலவே என்றார் டாக்டர். அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

முன்னறையில் கட்டிலைப் போட்டு அவரைக் கிடத்தினார்கள். ஒட்டடையும் மற்றவர்களும் அவருடைய வேலைப் பையையும், இரும்புப் பெட்டியில் இருந்த வெட்டும் மெஷினையும் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கழிப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போக ஆஸ்பத்திரியில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்திருந்தார்கள். அதன் சக்கரம் தரை வெடிப்பில் மாட்டி மாட்டி நின்றது.

"அண்ணி, நாங்க எதுக்கு இருக்கோம். ரெண்டு நாள் எல்லாரும் சேர்ந்து வந்தா வீடு பூராவும் போட்டுத் தந்துருவோம்" என்றான் ஒட்டடை.

"வேண்டாம். நானே போட்டுக்கறேன்" என்றாள் அவள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வாயில் வந்துவிட்டது.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்து எல்லோரும் திரும்பினார்கள். வாய் ஒரு பக்கம் தொங்கிக் கிடக்க, மிச்சமிருந்த பாதி முகத்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. எச்சில் வழிந்தது. அவள் போய்த் துடைத்துவிட்டாள். துடைக்கிறபோதும் அவர் சிரிப்பை நிறுத்தவில்லை.

"ஞாயித்துக்கெழம வந்து மெஷின எப்படிப் பிடிக்கறதுன்னு மட்டும் காட்டிட்டுப் போ" என்று ஒட்டடையிடம் சொன்னாள். இந்த முறை தெரிந்துதான் சொன்னாள்.

பின்கட்டில் ஒரு பலகையைப் போட்டு அவன் சொல்லிக் கொடுத்தான். கண்ணாடி மாட்ட வேண்டும். முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். பிளேடு டைலில் படுகிறதுக்கு முன்னாலேயே முழு வேகத்தில் சுற்ற வேண்டும். "அமுக்காதீங்க அண்ணி. அது தானாத் தின்னுக்கிட்டுப் போகும். நீங்க கோட்ட மட்டும் விடாம பாத்துக்கங்க." மெஷினைப் போட்டதும் அவள் ஒரு அடி பின்னால் போனாள். முதல் டைல் குறுக்கே பிளந்தது. அடுத்தது ஓரமெல்லாம் பல் பல்லாகத் தெறித்தது. மூன்றாவதை வெட்டும்போது, விரிப்பை இழுத்துப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையிலும் ஒரே அளவு பிடி வைத்துப் பார்த்தாள். பிளேடு கோட்டின் மேலேயே போயிற்று. ஒட்டடை அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "போதும், இனிமே நான் எதுக்கு" என்று கிளம்பினான். வாசலில் நின்று, "அண்ணி, அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான்.

"என்னைக்கு?" என்றாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

குளியலறையை முதலில் போட்டாள். வேலைக்குப் போகாத நாட்களில் மட்டும்தான் செய்ய முடிந்தது. தண்ணீர் ஓட வேண்டுமே என்று சரிவு பார்த்து, நூல் கட்டி, ஒவ்வொன்றாக வைத்தாள். நன்றாகவே வந்தது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் அது நேராகப் போய்த் துளையில் விழுந்தது. ஆனால் குளியலறைத் தரை கட்டிலிலிருந்து தெரியாது. நாற்காலியில் வைத்து அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் இரண்டு மூன்று தடவை மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை.

முன்னறையை ஆரம்பித்த அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. கரண்டில் ஓடுகிற மெஷினை மழையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உள்ளே தூக்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்திலேயே பலகையைப் போட்டாள். தண்ணீர் ஊற்றி வெட்டினால் தரை சேறாகும். அதனால் தண்ணீரில்லாமல் வெட்டினாள். சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வெள்ளைத் தூசி எழுந்து அறை முழுக்க நின்றது. அவள் ஈரத் துணியை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். அவருக்குக் கட்டவில்லை. நல்ல கையைத் தூக்கி முகத்தை மறைக்கப் பார்த்தார். கை அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. அவள் மெஷினை வெளியே எடுத்துப்போகவில்லை.

கைகால் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வாராவாரம் ஒரு பெண் வருவாள். அவள் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சார் மேல மாவு சலிச்சு வச்சாப்புல இருக்கு?" என்றாள்.

"வேலை நடக்குதுல்ல" என்று சொல்லி ஈரத் துணியால் அவருடைய இமை மயிரில் ஒட்டிய தூசியை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள் அவள். எவ்வளவு பொறுமை உங்களுக்கு என்றாள் அந்தப் பெண். அதற்கப்புறம் வெட்டுகிற நேரத்தில் அவர் முகத்திலும் அவள் ஒரு துணியைப் போட ஆரம்பித்தாள். சில நாள் மறந்துவிடும். சில நாள் மறந்தது போல இருந்துவிடுவாள்.

எதிர்ச் சுவரிலிருந்து வரிசை வரிசையாகக் கட்டிலை நோக்கி வந்தாள். முதல் மூன்று வரிசைகள் பிசகில்லை. நாலாவது வரிசையில் நூல் எப்போது நழுவியது என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு வரிசைக்கு நடுவே இருந்த இடைவெளி ஒரு முனையில் நூலிழையாகவும் மறு முனையில் விரல் அகலமாகவும் இருந்தது. பசை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. கொத்துக் கரணையைக் கொடுத்து நெம்பினால் எழும்பிவிடும். நெம்புவதற்குக் கரணையை எடுத்தும்விட்டாள்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து, "தொ… தொ…" என்று சத்தம் வந்தது.

அவர் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை தலையணையிலிருந்து எழும்பி அந்தத் திசையைக் காட்டியது. முகம் சிவந்துவிட்டது. "தொ… தொ… தொ…"

அவள் கரணையைக் கீழே வைத்தாள்.

"என்ன வேணும்? தண்ணியா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கை மறுபடியும் காட்டியது.

"ஃபேன் போடணுமா? கால் வலிக்குதா?"

அவருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் அவருடைய கையை மெதுவாகப் பிடித்து இறக்கிப் போர்வைக்குள் வைத்தாள். பசை காய்கிறவரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரிசைகளை அந்தக் கோணலையே பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கோணலாக, நூல் கட்டிக் கவனமாகப் போட்டாள். தற்செயலாகப் போட்டால் எங்காவது நேராகிவிடுமே.

வீடு முடிந்தது. நாற்காலிச் சக்கரம் இப்போது எங்கும் மாட்டாமல் ஓடியது. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் அவரைத் தூக்கித் தலையணையை முட்டுக் கொடுத்து, தரை முழுக்கத் தெரிகிற மாதிரி உட்கார வைப்பாள். ஒரு வாய் ஊட்டுவாள். அவர் பார்வை போகிற இடத்தைப் பார்ப்பாள். அடுத்த வாய் ஊட்டுவாள்.

"நல்லாருக்குல்ல?" என்பாள்.

சலவைப் பிரிவில் ஜோடியிடம் ஒரு நாள் இதைச் சொன்னாள். ஜோடி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "தினமுமா கேக்கறே?" என்றாள்.

"தினமும்தான்."

"போதும்டி. விட்டுரு."

"அவரு விட்டாரா?" என்றாள் அவள்.

ஒட்டடையும் கூட்டாளிகளும் பார்க்க வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. தொழில் தெரிந்தவர்கள்.

"பாருங்க. வீடு பூரா நானே போட்டேன்" என்றாள் அவள்.

"அண்ணி, அந்த நாலாவது வரிசை…" என்று இழுத்தான் ஒட்டடை. "நான் வேணா ஒரு மணி நேரத்துல எடுத்து…"

"தெரியும். உக்காருங்க, டீ போடறேன்."

அவர்கள் உட்கார்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது ரசமட்டம் தாங்கியிருப்பார். எல்லோரும் அவரைப் பாவமாகப் பார்த்தார்கள். தன் வீட்டில், தன் கண் முன்னால், எந்தக் குருடன் போட்டான் என்று கேட்க வாயில்லாமல் அவர் முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. வாதம் வந்தவர்கள் சும்மாச் சும்மா அழுவார்கள், டாக்டரே சொன்னார் என்று அவள் டீயைக் கொடுத்துக்கொண்டே விளக்கினாள்.

பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு மட்டும் சந்தோஷம். இடது கையில் நல்ல பலம் ஏறியிருக்கிறது, ஒருக்களித்துத் தானாகவே புரளுகிறார், இவ்வளவு வேகமாக யாரும் தேறிப் பார்த்ததில்லை என்றாள். "என்னம்மா செய்றீங்க இவருக்கு?"

மகள் வந்தாள். பையை வைத்துவிட்டு அப்பாவிடம் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தரையைக் காட்டினார். மகள் பார்த்தாள். அம்மாவின் கையால் மடித்த துணியை உடுத்தி வளர்ந்தவள் அவள். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"வேணும்னே பண்ணியிருக்கே."

"எனக்கென்ன தெரியும். துணி மடிக்கிறவ."

"அம்மா, அவரு கெடக்கற கெடப்புல… பாவம்மா."

"பாவம்தான்."

"இது உனக்கே நல்லாருக்கா?"

"நீ கை தட்டினே" என்றாள் அவள்.

மகளுக்கு எதைப் பற்றிச் சொல்கிறாள் என்றே தெரியவில்லை. அவளுக்கு அப்போது அஞ்சு வயசு. எதுவும் நினைவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அவளே தனியாகக் கட்டிலை இழுத்து, அப்பா ஜன்னலைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள். மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து அவள் கட்டிலைப் பழையபடி திருப்பினாள்.

எதிர்வீட்டு அம்மாவிடம் சாவி ஒன்று இருந்தது. அவள் வேலைக்குப் போகிற நாட்களில் அந்த அம்மா அவ்வப்போது வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு நாள் அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது கட்டிலில் ஆள் இல்லை.

அவர் தரையில் கிடந்தார். கட்டிலிலிருந்து விழுந்து, ஒரு கையால் உடம்பை இழுத்து இழுத்து அந்த நாலாவது வரிசை வரைக்கும் போயிருந்தார். போகிற வழியில் வேலைப் பையைக் கவிழ்த்து உளியை எடுத்திருந்தார். பழக்கமில்லாத இடது கையால், சுத்தியல் இல்லாமல், உளி முனையை டைலின் ஓரத்தில் கொடுத்துக் குத்திக் குத்தி ஒரே ஒரு டைலைப் பாதி உடைத்திருந்தார். விரலெல்லாம் ரத்தம். வேட்டி நனைந்து மூத்திரம் தரையில் ஓடியிருந்தது. கதவு திறந்த சத்தத்தைக் கேட்டும் அவர் திரும்பவில்லை. இன்னும் குத்திக்கொண்டிருந்தார்.

அவள் நின்று பார்த்தாள். அந்த நிமிஷம் அவளுக்கு என்னென்னவோ தோன்றியது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, உளியை வாங்கி, மிச்சப் பாதியைத் தானே உடைத்துப் போட்டுவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

அவரைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். கழுவி, துடைத்து, விரலுக்கு மருந்து போட்டுத் துணி சுற்றி, வேறு உடை மாற்றிப் படுக்க வைத்தாள். சோறு ஊட்டினாள். வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் ஏதோ ஒரு நிம்மதி தெரிந்தது. கிடக்கிறது பாதி டைல்தான், ஆனால் உடைந்துவிட்டது. இனி மாற்றித்தானே ஆக வேண்டும். மாற்றினால் நேராகத்தானே வைக்க வேண்டும்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு அவள் பின்கட்டிலிருந்து அதே நிறத்தில் ஒரு டைலை எடுத்து வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு அளந்து வெட்டினாள். ஓரம் பல் தெறிக்காமல் சுத்தமாக வந்தது. உடைந்ததைப் பெயர்த்து, இடத்தைச் சுரண்டி, பசை போட்டு, புது டைலைப் பழைய கோணலிலேயே, ஒரு மயிரிழைகூட மாறாமல் பொருத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டினாள். அவர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொ" என்றுகூடச் சொல்லவில்லை. அவள் தட்டி முடித்து நிமிர்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவள் முன்னால் திறக்கவில்லை. சோற்றுக்கு வாயைத் திறப்பார், கண்ணைத் திறக்க மாட்டார். பயிற்சிக்குக் கையைக் கொடுக்க மாட்டார். ஏறின பலமெல்லாம் இறங்குகிறது, என்ன ஆயிற்று என்று அந்தப் பெண் கேட்டாள். முதுகில் புண் வந்தது. அவள் கழுவி மருந்து போட்டாள். தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார வைத்து, "நல்லாருக்குல்ல?" என்று கேட்டுப் பார்த்தாள். ஒரு அசைவும் இல்லை. வெறும் சுவரிடம் கேட்பது போல் இருந்தது. சில நாளில் கேட்பதை விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உட்கார்ந்து நாலாவது வரிசையிலிருந்து கட்டில் வரைக்கும் எல்லாவற்றையும் பெயர்த்தாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அடுத்தடுத்த லீவு நாட்களில் வெட்டி வெட்டி ஒட்டினாள். மெஷினைப் பின்கட்டில் வைத்து, தண்ணீர் ஊற்றி வெட்டினாள். முடிந்ததும் அவருடைய வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் அங்கங்கே வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது. கட்டில் பக்கத்தில் வந்து குனிந்து, "நேராப் போட்டுட்டேன். பாருங்க" என்றாள்.

அவர் பார்க்கவில்லை.

"சத்தியமா நேரா இருக்கு. ஒரு தடவ கண்ணத் தொறந்து பாருங்க." அவருடைய இமையை விரலால் தூக்கினாள். விழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரிந்தது. அவள் விரலை எடுத்ததும் இமை மூடிக்கொண்டது. உதட்டின் நல்ல பக்கம் லேசாக இழுபட்டது போல் இருந்தது. அது சிரிப்பா, வலியா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவர் இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. படுத்தே கிடந்தால் அப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். அவள் அறையில் நின்ற அந்த வெள்ளைத் தூசியை நினைத்தாள், கேட்கவில்லை. மகள் வந்து அழுதுவிட்டுப் போனாள். ஒட்டடையும் மற்றவர்களும் வந்து காரியமெல்லாம் பார்த்தார்கள். தரையை யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கு அதைக் கவனிக்கிற மனநிலை யாருக்கு இருக்கும்.

எல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு, சாவியைத் திருப்பிக் கொடுக்க எதிர்வீட்டு அம்மா வந்தார். முன்னறையில் நின்று கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "மனசு கேக்கலம்மா. நீ வேலைக்குக் கெளம்பின உடனே கண்ணத் தொறந்துருவாரு. நாள் பூராவும் இந்தத் தரையத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு. நீ கதவத் தொறக்கற சத்தம் கேட்டா மூடிக்குவாரு. அசதி போலன்னு நெனச்சேன்" என்றார்.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"எப்ப? கோணலா இருந்தப்பவா, நேராப் போட்டப்புறமா?"

"எது கோணலு?" என்றார் அந்த அம்மா. தரையைச் சுற்றிப் பார்த்தார். "எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? எப்பப் பாத்தாலும் இப்படியேதான இருக்கு."

"பாத்துக்கிட்டு என்ன பண்ணுவாரு?"

"என்ன பண்ணுவாரு. பாப்பாரு. அவ்வளவுதான்."

"இத ஏன் எங்கிட்ட இத்தன நாளா சொல்லல?"

"நீ கேக்கலையே."

அந்த அம்மா சாவியை அலமாரி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். இறந்த அன்றைக்குக்கூட அழாதவள் அப்போது கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதாள். யாருக்காக என்று ஜோடி பிறகு கேட்டபோது, "எனக்காகத்தான், அவருக்காக ஒண்ணுமில்ல" என்றாள். ஜோடி அதை நம்பினாளா என்று தெரியாது. ஒட்டடை ஒரு நாள் வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.